ஊதுபத்தி செய்வோர்க்கு: பின் அட்டையில் நான்கு வரி கேட்டு ஒரு திறந்த மடல்

மைசூரு, பெங்களூரு கம்பெனிகள் முதல் வீட்டு முற்றத்தில் உருட்டி விற்கும் மகளிர் குழுக்கள் வரை, ஊதுபத்தியும் கூம்பும் செய்யும் எல்லோருக்கும் வணக்கம்.

சாமிக்கு இரண்டு பத்தி ஏற்றினால் போதும் என்பவருக்கு எங்கள் உதவி தேவையில்லை. வீடு மணக்க வேண்டும் என்பதற்காகவே வாங்குகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காக உங்கள் சரக்கைக் கொளுத்திப் பார்த்து, நிறைகுறை எழுதுகிறவர்கள் நாங்கள். எங்கள் வேலையில் பாதி, அட்டையில் நீங்கள் எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடுகிறது. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் கேட்பதைப் போடுகிறீர்கள்: பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், விலை. மீதி இடமெல்லாம் பூப்படம். உள்ளே இருப்பது மசாலா பத்தியா, சென்ட்டில் நனைத்த கரிப் பத்தியா என்ற முதல் கேள்விக்கே பெரும்பாலான அட்டைகளில் பதில் கிடையாது.

இரண்டும் எரிந்து மணக்கும் விதமே வேறு. கரித்தூள், மரத்தூள், ஜிகட் பவுடர் (பசையாக ஒட்டவைக்கும் மரப்பட்டைத் தூள்) மூன்றையும் பிசைந்து, மெஷினில் மூங்கில் குச்சி மேல் ஏற்றிக் காயவைத்தால் அது ரா பத்தி. அதற்கென்று மணம் இல்லை. சென்ட்டை டிஇபி ஆயிலில் (டைஎத்தில் தாலேட் என்ற மணமில்லாத கரைப்பான்) கலந்து, பல பட்டறைகளில் ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு ஆயில் என்ற கணக்கில், அதில் கட்டுக் கட்டாக முக்கி வடித்துக் காயவைத்தால் விற்பனைக்குத் தயார். மசாலா பத்தியிலோ மணப்பொருள் மாவிலேயே இருக்கிறது: சந்தனத்தூள், வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு, சாம்பிராணி, லவங்கம், சிலவற்றில் தேனும் மட்டிப்பால் என்ற மரப்பிசினும். உருட்டிய ஈரத்தோடு நைஸான மரத்தூளில் புரட்டி, நிழலில் உலர்த்துகிறார்கள். முன்னது முதல் நிமிடத்திலேயே முழு மணத்தையும் காட்டிவிடும். கடைசி வரை அதே மணம்தான். பின்னது மெல்லத் தொடங்கி, கட்டைக்கும் பிசினுக்கும் உரிய மணங்கள் மாறி மாறி வர, அணைந்த பிறகும் அறையில் நிற்கும். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று நாங்கள் சொல்லவில்லை. ஒழுங்காக நனைத்த கரிப் பத்தி, காய்ந்துபோன மசாலா பத்தியைவிட எவ்வளவோ மேல். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து மதிப்பெண் போடுவது தப்பு.

அட்டை சொல்லாதபோது நாங்கள் செய்வது இது. நகத்தால் பத்தியைச் சுரண்டுவோம். மேலே பழுப்பு, அடியில் கருப்பு என்றால் பெரும்பாலும் கரிப் பத்திக்குத் தூள் பூசியது. ஆனால் எரிவதற்காகக் கொஞ்சம் கரி சேர்த்த நல்ல மசாலா பத்திகளும் உண்டு, அவற்றையும் இந்தச் சோதனை குற்றவாளியாக்கிவிடும். அடுத்து, ஒரு பத்தியை டிஷ்யூ காகிதத்தில் சுற்றி ஓர் இரவு வைப்போம். டிஇபி இருந்தால் எண்ணெய்க் கறை பரவி, நாள் கணக்கில் அப்படியே நிற்கும். இலகுவான வாசனை எண்ணெய் என்றால் ஓரிரு நாளில் மங்கும். ஆனால் சந்தன எண்ணெயும் வெட்டிவேர் எண்ணெயும் சீக்கிரம் ஆவியாகாதவை; அவற்றின் கறையும் நிற்கும். ஆக, இந்தச் சோதனையும் முடிவானதல்ல. நீங்கள் ஒரே சொல்லில் எழுதியிருந்தால் இந்தத் துப்பறியும் வேலையே இல்லை.

கொளுத்திப் பார்ப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறோம். நீங்களும் உங்கள் பட்டறையில் இப்படியே பாருங்கள். கடைக்காரர் கூடத்தில் ஐந்து மாதிரிகளை ஒன்றாக ஏற்றிக் காட்டும் பழக்கம் எதையும் காட்டாது. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஓர் அறை, மின்விசிறி நிறுத்தம், ஒரு ஜன்னல் ஒரு விரல் அளவு திறப்பு. தீக்குச்சி வேண்டாம், கந்தக வாடை முதல் இரண்டு நிமிடத்தைக் கெடுக்கும், லைட்டர் போதும். சுடர் பிடித்துப் பத்து நொடி விட்டு ஊதி அணைக்க வேண்டும், விளிம்பு முழுவதும் கனல் வந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கனன்றால் பத்தி சாய்வாக எரிந்து, மூங்கில் தனியாகக் கருகும். அந்தக் கருகல் வாடையை 'தரம் குறைவு' என்று எழுதிவிடுகிற மதிப்புரைகள் ஏராளம். குற்றம் பத்தியில் இல்லை, கொளுத்திய கையில்.

மூக்கைப் புகைக்கு மேல் கொண்டுபோவது கூடாது. மணம் வருவது கனலிலிருந்து அல்ல, கனலுக்குச் சற்றுக் கீழே சூடேறி ஆவியாகும் சில மில்லிமீட்டர் பகுதியிலிருந்து. நுனியில் முகர்ந்தால் கரிந்த வாடைதான் கிடைக்கும். ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து, ஐந்தாவது நிமிடம் ஒரு குறிப்பு. பிறகு அறையை விட்டு வெளியே போய், கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்த அந்த முதல் மூச்சில் இன்னொரு குறிப்பு. இரண்டாவதுதான் நம்பத் தகுந்தது. உள்ளேயே இருந்தால் மூக்கு பழகி மரத்துவிடும். அணைந்து ஒரு மணி நேரம் கழித்தும், மறுநாள் காலை திரைச்சீலையிலும் முகர்வோம். மலிவான சென்ட்டின் சாயம் அங்கேதான் வெளுக்கும்: முதல் நாள் ரோஜாவாக இருந்தது மறுநாள் சோப்புத் தண்ணீராக நிற்கும். இரண்டு பத்திகளுக்கு நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காப்பிக்கொட்டையை முகர்ந்து மூக்கைத் தெளியவைக்கும் வழக்கத்தால் பெரிய பயனில்லை, வெளிக்காற்றே போதும்.

பாதியில் அணையும் பத்திதான் எங்களுக்கு வரும் புகார்களில் முதலிடம். காரணங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: மழைக்கால ஈரம், சென்ட்டில் அதிக நேரம் ஊறி வடியாமல் போனது, மெஷின் அழுத்தம் கூடி மாவு கல்லாக இறுகியது, பிசின் அதிகமாகிக் கரி குறைந்தது. அணையாமலிருக்க வெடியுப்பு சேர்ப்பவர்களும் உண்டு. அந்தப் பத்தி சடசடவென்று பொரியும், வேகமாகத் தீரும், மணத்தை ஆவியாகவிடாமல் எரித்தே விடும். மட்டிப்பால் பத்தி காற்றின் ஈரத்தை இழுப்பது அதன் இயல்பு. தொட்டால் லேசாகப் பிசுபிசுப்பது குறையல்ல. அதைத் தெரியாமல் 'நமத்துப்போன சரக்கு' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நஷ்டம் உங்களுக்குத்தான்.

கூம்புக்கு வருவோம். இங்கே வடிவமே வில்லன். நுனியில் மெல்லிய கனல், கீழே போகப் போக அகலம். விட்டம் இரு மடங்கானால் எரியும் பரப்பு நான்கு மடங்கு. எனவே முதல் மூன்றில் ஒரு பங்கில் இதமாக இருக்கும் அதே கலவை, கடைசி மூன்றில் ஒரு பங்கில் கண்ணைக் கரிக்கும். மூங்கில் இல்லாததால் கூம்பு 'சுத்தமான மணம்' தரும் என்று அட்டையில் போடுகிறீர்கள். குச்சி எரியும் வாடை இல்லை என்பது உண்மை, ஆனால் சிறிய அறையில் கூம்பின் புகை பத்தியைவிட அடர்த்தி. ஒல்லியாக, உயரமாகச் செய்தால் இது பெருமளவு குறையும். உலோகத் தட்டில் நேரடியாக வைத்தால் தட்டு சூட்டை இழுத்துக்கொள்ள, கடைசி மூன்று நான்கு மில்லிமீட்டர் எரியாமல் நிற்கும். ஒரு விரல் கனத்துக்கு மணலோ பழைய சாம்பலோ பரப்பி வைத்தால் அடிவரை எரியும். அரிசியைப் பரப்பாதீர்கள், அது கருகி, தன் வாடையைக் கலக்கும்.

புகை கீழ்நோக்கி வழியும் கூம்புகளில் அடியில் துளை இருக்கிறது. புகை அந்தத் துளை வழியே இறங்கிக் குளிர்ந்து கனமாகித் தாங்கியில் வழிகிறது. லேசான காற்று அடித்தாலும் கலைந்துவிடும். பார்க்க அழகு, வாசனைக்கு இரண்டாந்தரம். தாங்கியில் படியும் பழுப்புப் பிசுக்கைச் சானிடைசர் தொட்டுத் துடைக்காவிட்டால் அடுத்த கூம்பு எதுவானாலும் பழைய வாடைதான். கம்ப்யூட்டர் சாம்பிராணி தனி இனம், அதைப் பற்றி வேறொரு சமயம். தசாங்கம் விற்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பொடியோடு கூம்பு அச்சைக் கொடுக்கிறீர்கள், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று சொல்வதில்லை. லேசாக நிரப்பினால் கவிழ்த்ததும் சரிகிறது, இறுக்கினால் அணைகிறது. இரண்டு முறை தட்டி, கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தினால் போதும் என்று அச்சிலேயே எழுதலாம்.

இனி, சந்தனம். அசல் சந்தன எண்ணெய் விற்கும் விலைக்கு, சாதாரண விலைப் பெட்டியில் அது இருக்க வாய்ப்பில்லை என்பது வாங்குபவருக்கும் தெரிந்ததுதான். சாண்டலோர், ஜாவனால், எபனால் போன்ற செயற்கை மணப்பொருட்கள் நன்றாகவே வேலை செய்கின்றன, அவற்றைப் போட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சந்தனச் சக்கையைச் சேர்த்துவிட்டு 'அசல் சந்தனத்தூள் கலந்தது' என்று போடுவதுதான் உறுத்துகிறது. சொல் பொய்யல்ல, மணம் பொய். பூ மணங்களும் இப்படித்தான். மல்லிகை இதழை உலர்த்தி அரைத்து மாவில் போட்டுக் கொளுத்தினால் சருகு எரியும் வாடைதான் வரும். மல்லிகைப் பத்தியின் மல்லிகை சென்ட்டிலிருந்து வருவது. அட்டையில் 'இயற்கை மலர்களால் ஆனது' என்று எழுதும்போது உங்கள் பட்டறை ஆட்களே சிரிப்பார்கள்.

புகை பற்றிய விளம்பரங்களையும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். மூலிகையோ கரியோ, எதை எரித்தாலும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் வரும். மூங்கில் இல்லை, கரி இல்லை, ஆகவே தீங்கில்லை என்பது கணக்கில் வராத வாதம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் கூண்டுப் பறவையும் இருக்கும் அறையில் ஏற்றாதீர்கள் என்று எழுதினால் விற்பனை குறைந்துவிடாது.

இப்போது அந்த நான்கு வரி.

முதல் வரி வகை: மசாலா, நனைத்த கரிப் பத்தி, அல்லது இரண்டும் கலந்தது. இரண்டாவது, மணத்தின் மூலம்: வாசனை எண்ணெயா, செயற்கை சென்ட்டா, கலவையா, கூடவே கரைப்பானின் பெயர். கலவை ரகசியத்தை யாரும் கேட்கவில்லை. மூன்றாவது, ஒரு பத்தி எரியும் நேரம், காற்றில்லா அறையில் பார்த்தது. எட்டு அங்குலக் கரிப் பத்தி ஏறக்குறைய 40 நிமிடம் வரும், தடித்த மசாலா பத்தி ஒரு மணி நேரத்தைத் தொடும். இது தெரியாமல் விலையை ஒப்பிட முடியாது: 60 ரூபாய்க்கு 20 பத்தி, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு ஏழரைக் காசு, 100 ரூபாய்க்கு 12 பத்தி, ஒவ்வொன்றும் 60 நிமிடம் என்றால் சுமார் 14 காசு. இதைப் பார்த்துவிட்டு விலை கூடினதையே வாங்குகிறவர்கள் உண்டு, அது அவர்கள் விருப்பம்.

நான்காவது வரி தொகுப்பு எண், கூடவே கலவை மாறினால் அதற்கொரு குறி. 2019 ஆகஸ்டில் ஊதுபத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2020-இல் மூங்கில் குச்சிக்கான இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 25 ஆனது. இப்படி ஒவ்வொரு முறையும் குச்சியும் ரா பத்தியும் வாங்கும் இடத்தை மாற்ற வேண்டி வரும் என்பது புரிகிறது. ஆனால் பெயரும் பெட்டியும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மாறினால், போன வருடம் நாங்கள் எழுதியதை நம்பி இந்த வருடம் வாங்கியவர் எங்களைத்தான் திட்டுகிறார்.

மூன்று மணங்களை ஒரே உறையில் போட்டு விற்பவர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி உள்ளுறை போடுங்கள். கடையில் ஒரு மாதம் இருந்தாலே மூன்றும் ஒரே மணமாகிவிடுகின்றன, அவற்றை நாங்கள் மதிப்பிடுவதில்லை. அட்டையில் வகை எழுதாத பத்திக்கு இனி எங்கள் மதிப்புரையில் 'வகை: தயாரிப்பாளர் சொல்லவில்லை' என்று முதல் வரியிலேயே வரும். எழுதி அனுப்பினால் அன்றே திருத்திவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பத்திகளைக் கொளுத்திப் பார்த்து எழுதுவோர்