நகைக்கு உதவாத அந்தக் கல்லைத் தந்துவிடுங்கள்

என் பொதியைத் தடுத்து வைத்திருக்கும் கொழும்புச் சுங்க அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, கதையைத் திரும்பச் சொல்லவில்லை. காந்தப்புலத்தை அளக்க நான் தருவித்த மூன்று மில்லிமீற்றர் வைரத் தகடு. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வு மாணவனின் ஒரு வருடம் அதை நம்பிக் கிடக்கிறது. தயவுசெய்து விடுவியுங்கள்.

போன மாதம் இரவு பஸ்ஸில் வந்து காலை எட்டு மணிக்கே உங்கள் கருமபீடத்தில் நின்றேன். உத்தியோகத்தர் கல்லை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "மோதிரத்துக்கா, தோட்டுக்கா?" என்றார். மதிப்பீட்டாளரிடம் போனது. "ஆய்வுகூடத்தில் வளர்த்தது, நிறத்தில் மாசு, நகைக்கு உதவாது" என்று அவர் எழுதித் தந்தார். அப்பாடா என்றிருந்தது. உடனே அடுத்த கேள்வி: "உதவாத கல்லை ஏன் இறக்குமதி செய்கிறீர்?"

மூன்று தரம் எழுத்தில் பதில் தந்தேன். இது நான்காவது. அந்த மாசுதான் ஐயா எங்களுக்கு வேண்டும். காபன் அணு நிற்கவேண்டிய இடத்தில் நைதரசன், அதற்குப் பக்கத்து இடம் வெறுமை. பச்சை லேசர் பட்டால் இந்தக் குறை சிவப்பாய் ஒளிரும். 2.87 கிகாஹேட்ஸ் நுண்ணலையில் அந்தச் சிவப்பு மங்கும். காந்தப்புலம் இருந்தால் மங்கும் அதிர்வெண் இரண்டாய்ப் பிரியும், பிரிந்த தூரம் புலத்தின் அளவைச் சொல்லும். எங்கள் ஊர்ப் புவிக்காந்தம் சுமார் 40 மைக்ரோரெஸ்லா. குறையின் அச்சு வழியே, அதாவது நைதரசனையும் வெறுமையையும் இணைக்கும் கோட்டின் வழியே, அது அமைந்தால் இடைவெளி இரண்டு மெகாஹேட்ஸ் சொச்சம். கடுமையாய்க் குளிரூட்டத் திரவ ஹீலியம் தேவையில்லை, யாழ்ப்பாணத்து வெக்கையிலும் வேலை செய்யும். 1997இலேயே ஜேர்மனியின் கெம்னிட்ஸில் இப்படியான ஒற்றைக் குறையைத் தனியே பிடித்துக் காட்டிவிட்டார்கள். நான் இன்னும் கருமபீடத்தில் நிற்கிறேன்.

படிவத்தின் தமிழ்ப் பிரதி முடிந்துவிட்டதாம். தமிழும் அரசகரும மொழியானது 1987இல். இத்தனை வருடத்தில் கடதாசி முடியத்தானே வேண்டும். கொழும்புக்காரனுக்கு ஓர் ஓட்டோக் கூலியோடு தீரும் அலுவல், எனக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு இரவுப் பயணம். ஒரு கையொப்பத்துக்கும் ஒரு முத்திரைக்கும் வடக்கே இருப்பவன் எத்தனை தரம் ஆனையிறவைக் கடப்பது?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்கள் மதிப்பீட்டாளரின் கடிதத்தையே ஏற்று, ஆய்வுப் பொருளாக அந்தக் கல்லை விடுவியுங்கள். முடியாதென்றால் அதை எழுத்தில், தமிழில் தாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவேன். அதுவரை கல்லில் யாருடைய விரலும் படாமல் பார்த்துக்கொண்டால் பெரிய உபகாரம். கைரேகையும் லேசரில் ஒளிரும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து ஆய்வு மாணவன்