இருசக்கர வாகனங்களில் எல்இடி பின் விளக்கு பொருத்துவதற்குத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டி மனு

அனுப்புநர்
இருசக்கர வாகனப் பட்டறை நடத்துவோர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 600 081.

பெறுநர்
போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்தும் எல்இடி பின் விளக்குகளில் எவை அனுமதிக்கப்பட்டவை என அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். காசிமேட்டில் மீன் எடுக்கும் வியாபாரிகள் விடிவதற்கு முன்பே மொபெட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அதே இருட்டில், அதே எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்கான கன்டெய்னர் லாரிகளும் ஓடுகின்றன. இந்த மொபெட்டுகளின் பின் விளக்கைக் கழற்றிப் பார்த்தால், பெட்டியிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீரில் ஹோல்டர் பச்சை பூத்துக் கிடக்கும். எர்த் வயர் தொட்டாலே ஒடிந்துவிடும். புது பல்பு போட்டாலும் மேடுபள்ளச் சாலையின் அதிர்வில் இழை அறுந்துபோகிறது. பின் விளக்கு அணைந்திருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரிவதும் இல்லை.

ஆகவேதான் எல்இடி விளக்கு கேட்டு வருகிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதில் அறுந்துபோக இழை கிடையாது. நன்றாக அடைக்கப்பட்டிருந்தால் உப்புத் தண்ணீரும் உள்ளே இறங்காது. பிரேக் பிடித்ததும் பழைய பல்பைவிட ஏறக்குறைய 0.2 நொடி முன்னதாக முழு வெளிச்சம் தரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பின்னால் வருகிற லாரி அந்த நேரத்தில் 3 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். கன்டெய்னர் லாரிக்கு முன்னால் போகிறவருக்கு அந்த 3 மீட்டர் உயிர்.

ஆனால் கடைகளில் கண்ணைக் கவர்வது வேறு சரக்கு. கறுப்புச் சாயம் ஏற்றிய மூடி, பிரேக் பிடித்தால் படபடவென்று வெட்டி வெட்டி எரிவது, நீல வெளிச்சம் என்று பலவிதம். சிலவற்றில் சாதாரணமாக எரிவதற்கும் பிரேக் பிடித்ததற்கும் வித்தியாசமே தெரியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி பின்பக்க நம்பர் பிளேட் வெள்ளை வெளிச்சத்தில் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு நம்பர் பிளேட்டுக்கான விளக்கே இல்லை. பழைய விளக்கோடு சிவப்பு ரிஃப்ளெக்டரையும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மின்சாரம் முற்றிலும் போனாலும் பின்னால் வருபவருக்கு மின்னிக் காட்டுவது அது ஒன்றுதான் என்பதால், எங்களுக்கு இதுவே பெரிய கவலை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ பிரிவின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பின் விளக்கை மாற்றினால் எது பழுது பார்ப்பது, எது மாற்றியமைப்பது என்று எங்களால் வாடிக்கையாளருக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தரமான சிவப்பு விளக்கு பொருத்தியவர் அபராதத்துக்குப் பயந்து அதைக் கழற்றச் சொல்கிறார். விளக்கே எரியாத வண்டி அதே சாலையில் தடையின்றிப் போகிறது.

எனவே, எந்தத் தர முத்திரை உள்ள எல்இடி பின் விளக்கைப் பொருத்தலாம், நம்பர் பிளேட் விளக்கும் ரிஃப்ளெக்டரும் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே பக்கச் சுற்றறிக்கையாக வெளியிட்டு, பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் ஒட்டச் செய்யுமாறு வேண்டுகிறோம். விதிக்குப் புறம்பான விளக்குகளை, பொருத்தியவரிடம் பிடிப்பதற்கு முன் விற்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும். மீன் விற்றுப் பிழைப்பவர் எது சரியான விளக்கு என்று எப்படி அறிவார்?

இன்னொன்று. பெட்டி பின் விளக்கை மறைத்தால் எந்த விளக்கும் பயனில்லை. மீன் பெட்டிகளின் பின்பக்கம் ஒட்டச் சிவப்பு ஒளிரும் பட்டைகளை வழங்கி, காசிமேடு மீன்பிடித் துறைமுக வாசலில் அதிகாலையில் ஒரு விளக்குச் சோதனை முகாம் நடத்தித் தாருங்கள். கூலி வாங்காமல் ஹோல்டரும் வயரும் மாற்றித்தர எங்கள் பகுதிப் பட்டறைக்காரர்கள் தயாராக இருக்கிறோம். தேதி மட்டும் சொன்னால் போதும், கருவிகளோடு வந்து நிற்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தண்டையார்பேட்டை இருசக்கர வாகனப் பட்டறை நடத்துவோர்