ஆர்.சி.யில் பேர் மாறினால் மட்டும் போதாது, கண்ணு

குன்னூர்

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருக்கும் மூன்று வண்டிகளின் படமும் ஆர்.சி. நகலும் வந்து சேர்ந்தன. இரண்டு டீசல், ஒன்று பெட்ரோல் ஆட்டோமேட்டிக். மூன்றுமே 2022, 2023-ல் வந்த எஸ்.யூ.வி. போனில் சொன்னால் பாதி விட்டுப் போகும். இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வண்டி பார்க்கப் போ.

பெயிண்ட், சீட் கவர், டச் ஸ்கிரீன் எல்லாம் அப்புறம். முதலில் ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார். தான் செய்து விற்ற வண்டியில் ஒரு பாகம் ஆபத்து என்று தெரிந்ததும் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுக் காசு வாங்காமல் மாற்றித் தருவதுதான் ரீகால். ஆனால் அந்தக் கூப்பாடு யார் காதில் விழும்? புது வண்டி எடுத்த அன்று ஷோரூமில் எந்த போன் நம்பர் கொடுத்தார்களோ அந்த நம்பருக்குத்தான் மெசேஜ் போகும். வண்டியை விற்றுவிட்ட ஆள் அதைப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார். 29, 30 படிவம் எழுதிக் கொடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் உன் பேருக்கு மாற்றினாலும் கம்பெனி கம்ப்யூட்டரில் பழைய ஓனர் பேர்தான் இருக்கும். அந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. பேர் மாறியதும் ஆர்.சி. நகலோடு சர்வீஸ் சென்டருக்குப் போய் உன் பேர், நம்பர், முகவரி மூன்றையும் ஏற்றச் சொல். இதைச் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களில் பத்தில் ஒருவர் செய்தாலே பெரிது.

வாங்குவதற்கு முன்பே பார்க்கும் வழியும் உண்டு. ஆர்.சி.யில் சேசிஸ் நம்பர் 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். கம்பெனியின் வெப்சைட்டில் ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பெயின் என்ற பக்கத்தில் அதைப் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று காட்டும். சேசிஸ் நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம், ஒற்றைக் கோடு ஒன்று. இதை மாற்றி அடித்துவிட்டு, 'வண்டியே இல்லை என்கிறது' என்று எனக்கு போன் செய்யாதே. ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்றும் ஒத்துப் பார்.

இன்னொரு குழப்பம் தேதி. ரீகாலுக்கு வண்டி தயாரான தேதிதான் கணக்கு, ரெஜிஸ்டர் ஆன தேதி கணக்கில்லை. டிசம்பரில் செய்த வண்டி மார்ச்சில் ரெஜிஸ்டர் ஆகியிருக்கும். தயாரிப்பு மாதம், வருடம் ஆர்.சி.யிலேயே இருக்கிறது.

நீ அனுப்பிய வகைகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். மகிந்திராவின் எக்ஸ்.யூ.வி.700-ல் 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை செய்த 1,08,306 வண்டிகளை 2023 ஆகஸ்டில் கூப்பிட்டார்கள். பானட்டுக்குள் வயர் கட்டு போகும் பாதையில் உரசித் தேயலாம் என்பதுதான் காரணம். அதற்கு முன் 2022 டிசம்பரில், அந்த வருடம் ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை செய்த மேனுவல் கியர் எக்ஸ்.யூ.வி.700, ஸ்கார்ப்பியோ-என் வண்டிகள் சுமார் 19,000. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டுக்குள் இருக்கும் ரப்பர் உறையில் அளவுக் கோளாறு. அதே மாதிரி 2024 பிப்ரவரியில் ஹூண்டாய் கிரெட்டா, வெர்னா 7,698, கியா செல்டோஸ் 4,358. எல்லாம் 1.5 பெட்ரோல் சி.வி.டி., அதாவது பல் கியர் இல்லாத ஒரு வகை ஆட்டோமேட்டிக்; கியர்பாக்ஸின் எலெக்ட்ரானிக் ஆயில் பம்ப் கன்ட்ரோலர் சமாச்சாரம். நீ பார்க்கும் பெட்ரோல் வண்டி இந்தக் கூட்டத்தில் வருகிறதா என்பது 2023 பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் செய்ததா என்பதைப் பொறுத்தது. நகலில் மே மாதம் என்று போட்டிருக்கிறது. அதனால் கட்டாயம் பார்.

எண்ணிக்கை சின்னதாக இருந்தால் விஷயம் சின்னது என்று நினைக்காதே. 2023 ஜனவரியில் மாருதி கூப்பிட்டது 17,362 வண்டிகளைத்தான்; கிராண்ட் விட்டாரா, பிரெஸ்ஸா எல்லாம் அதில் உண்டு. ஏர்பேக் கன்ட்ரோலர் கோளாறு. மாற்றும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று கம்பெனியே சொன்னது. மோதும்போது ஏர்பேக்கும் விரியாது, சீட் பெல்ட்டும் இழுத்துப் பிடிக்காது என்றால் வேறு என்ன சொல்வார்கள்?

ஏர்பேக் என்றதும் உன் மாமனார் வீட்டுப் பழைய ஜப்பான் கம்பெனி வண்டி ஞாபகம் வருகிறது. டகாடா என்ற கம்பெனி செய்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டரில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வருடக்கணக்கில் வெக்கையும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அது கெட்டு, விரிய வேண்டிய நேரத்தில் வெடித்து இரும்புச் சில்லாகப் பறக்கும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திரும்ப எடுத்தார்கள். டகாடா 2017-ல் திவாலாகிவிட்டது, ஆனால் வண்டிக் கம்பெனிகள் மாற்றித் தருகின்றன. அவர் கடலோரத்தில் இருப்பவர். அவர் வண்டியின் சேசிஸ் நம்பரையும் இதோடு சேர்த்துப் போட்டுப் பார்த்துவிடு.

ரீகால் பாக்கி இருந்தால் வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. விற்கிறவரையே முடித்துத் தரச் சொல். வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் கேம்பெயின் நம்பரும், பில்லில் பூஜ்யம் ரூபாயும் எழுதி வாங்கு. 'பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை' என்று வாயால் சொல்வது ஆகாது. கம்ப்யூட்டரில் அந்த வண்டிக்குப் பாக்கி இல்லை என்று வரும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்.

ரீகால் என்ற வார்த்தை கம்பெனிகளுக்குக் கசக்கும். 'முன்னெச்சரிக்கைச் சோதனை', 'சர்வீஸ் கேம்பெயின்', 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று பேரை மாற்றிச் சொல்வார்கள். அதனால் 'ரீகால் இருக்கிறதா' என்று மட்டும் கேட்காதே, 'இந்த நம்பருக்கு என்னென்ன கேம்பெயின் திறந்திருக்கிறது' என்று கேள். பலருக்கும் வரும் கோளாறு ஒன்று உனக்கும் வந்து, கம்பெனி கண்டுகொள்ளாவிட்டால் மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் ரீகால் பகுதியில் பதிவு செய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவுப்படி 2021 ஏப்ரல் 1 முதல் விதி அமலில் இருக்கிறது. 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்குப் பொருந்தும். விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்ப இத்தனை புகார் சேர்ந்தால் விசாரிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், அதனால் உன் ஒரு புகாரும் கணக்கில் ஏறும். பணம் சம்பந்தமான தகராறு என்றால் 1915, நுகர்வோர் உதவி எண்.

இனி மலை.

கோயம்புத்தூரில் மூன்று வருடம் ஒரு குறையும் காட்டாத வண்டி, இங்கே வந்து போகும் முதல் தடவையே பல்லைக் காட்டும். கணக்குப் போட்டுப் பார். ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. ஆளும் மூட்டையுமாக 2 டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கினால் வெளியாகும் சக்தி, ஒரு லிட்டர் டீசலை எரித்து வரும் சூட்டுக்குச் சமம். ஊட்டிக் குளிரில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கலாம். டயர் உருள்வதிலும் காற்றிலும் ஒரு பங்கு கரைந்துவிடும். மிச்சத்தை பிரேக் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் வாங்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கை டி-யில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் மொத்தத்தையும் பிரேக் தலையில் கட்டுகிறார்கள். பர்லியாறு வருவதற்குள் கருகிய வாடை வரும்.

பிரேக் ஆயில்தான் இதில் மறைந்திருக்கும் எதிரி. டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன. ஆனால் சர்வீஸ் சென்டரில் 'டாப் அப்' செய்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். வண்டி எந்த வண்டியாக இருந்தாலும் வாங்கிய வாரமே நான்கு வீலிலும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றி (பிளீட் செய்து) முழுசாக மாற்று. சீல் உடைக்காத டின்னாக இருக்கட்டும்.

பிரேக் பேடு புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். கீழே ஓட்டுகிறவர்கள் 3 வரை வைத்துக்கொள்வார்கள். மலைக்கு வருகிற வண்டிக்கு 4-லேயே மாற்றிவிடு, மெலிந்த பேடு சூட்டை நேராக ஆயிலுக்குக் கடத்தும். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று அடித்திருப்பார்கள். வெர்னியர் வைத்து அளக்கச் சொல். ஓட்டிப் பார்க்கும்போது 80-லிருந்து நிதானமாகப் பிரேக் பிடி. ஸ்டியரிங் உதறினால் டிஸ்க் ஏற்கெனவே சூடு கண்டு கோணியிருக்கிறது.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கு. மேனுவல் என்றால் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் என்றால் எம்-க்குத் தள்ளி 2, சி.வி.டி.யில் எல் அல்லது ஸ்டியரிங் பின்னால் இருக்கும் பட்டையால் குறை. இன்ஜின் 3,000-ல் கத்தும், பயப்படாதே. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது இன்ஜெக்டர் டீசலே ஊற்றாது. பிரேக்கை ஒட்டிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, விட்டுவிடு. வாடை வந்தால் சமமான இடமாகப் பார்த்து அரை மணி நிறுத்து. தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணும். ஹேண்ட் பிரேக்கும் போடாதே. கியரில் போட்டு வீலுக்குக் கல் வை, ஆட்டோமேட்டிக் என்றால் பி. பர்லியாற்றில் நிறுத்தினால் பழப்பண்ணைப் பக்கம் மங்குஸ்தான் கிடைக்கிறதா என்று பார், அரை மணி ஓடிவிடும். மசினகுடி போகும் கல்லட்டிச் சாலை வேறு. 36 கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து கீழே வெளியூர் வண்டிகளை அங்கே விடுவதில்லை. குறுக்கு வழி என்று மேப் காட்டினாலும் கேட்காதே.

டீசல் என்றால் அடுத்த தலைவலி டி.பி.எஃப். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசல் எல்லாவற்றிலும் சைலன்சர் பாதையில் கரி பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டியே சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு 15, 20 நிமிடம் விடாமல் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், கடை என்று 3 கிலோமீட்டர் ஓடி ஓடி நிறுத்தினால் பாதியிலேயே அணைந்துவிடும். நின்ற பிறகும் ஃபேன் ஓடுவது, ஐடிலிங் கொஞ்சம் ஏறுவது, மைலேஜ் திடீரென்று குறைவது இதெல்லாம் சுத்தம் நடக்கிறது என்பதற்கு அறிகுறி. அப்போது இன்ஜினை அணைக்காதே; வெளியே எடுத்துப் போய் நெடுஞ்சாலையில் ஒரு கியர் குறைத்து 2,000-க்கு மேல் 20 நிமிடம் ஓட்டு. பாதியில் நின்ற ஒவ்வொரு தடவையும் எரிக்க ஊற்றிய டீசல் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், அந்த வண்டி ஊருக்குள்ளேயே ஓடியது என்று அர்த்தம். விற்கிறவர் ஹைவே வண்டி என்று சத்தியம் செய்தாலும் டிப் ஸ்டிக் பொய் சொல்லாது. டி.பி.எஃப்.ஐக் கழற்றிப் போடுகிறேன் என்று யாராவது வந்தால் பேச்சே வேண்டாம்.

புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்றும் டீசல் வண்டி என்றால் அது மைனஸ் 11 டிகிரிக்குக் கீழேதான் உறையும். ஊட்டி உறைபனிக்கெல்லாம் பயமில்லை. ஆனால் தீர்ந்துபோனால், நிறுத்திய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நீல மூடியில் டீசலை ஊற்றிவிட்டால் செலவு லட்சத்தைத் தொடும். பங்கில் இறங்கி நின்று பார்.

சன்ரூஃப் ஆசை உனக்கு எதற்கு என்று உன் அம்மா கேட்கிறாள். ஒழுகுவதாக வரும் புகாரில் பெரும்பாலும் கண்ணாடியில் குற்றம் இருக்காது. நான்கு மூலையிலும் இறங்கும் வடிகால் குழாயில் சில்வர் ஓக் இலைத் துணுக்கு அடைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் பக்கம் மழை பிடித்தால் விடாது. கண்ணாடியைத் திறந்து ஓரச் சாலில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார். அடைத்திருந்தால் மெல்லிய நைலான் நரம்பு விடு. கம்ப்ரஸர் காற்று அடித்தால் குழாய் உள்ளே கழன்றுகொள்ளும்.

சீட் பெல்ட் நான்கையும் கடைசி வரை இழுத்துப் பார், சேற்றுக் கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. அந்த இரண்டாவது டீசல் சென்னை வண்டி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையை அதுவும் பார்த்திருக்கும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பிடுங்கி வைத்திருக்கிறார்கள். சாலைக் கோட்டைக் கேமராவில் பார்த்து வண்டியைத் தானே திருப்பும் லேன் அசிஸ்ட் இருந்தால் மலைப்பாதையில் அணைத்துவிடு, வளைவில் கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கை இழுக்கும். மூடுபனியில் கேமராவுக்குக் கண் தெரியாது.

என் ஓட்டு முதலாவது டீசலுக்கு, அதுவும் ரீகாலில் சொன்ன வயர் கட்டு வேலை முடிந்த பேப்பர் கைக்கு வந்த பிறகு. வரும்போது நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸ் எடுக்க மறக்காதே. இங்கே குளிருக்கு எலி சூடான இன்ஜினைத் தேடித்தான் வரும். எலி கடித்த வயருக்கு வாரண்டி கிடையாது. ஷெட்டுக்குக் கம்பி வலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அது முடியும் வரை ராத்திரி பானட்டைத் திறந்தே வைத்து, மேலே ஒரு பல்பு தொங்கவிடலாம்.

அன்புடன்,
அப்பா