மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காதே

அன்புள்ள கண்ணு,

உன் மனச்சோர்வுக்கும் கோபத்துக்கும் டாக்டர் மாத்திரையோடு பிஹேவியர் தெரபியும் (செய்கிற செயலை மாற்றி மனசைத் தேற்றும் சிகிச்சை) சொல்லியிருக்கிறார் என்றாய். நல்லது. மனசு சரியானதும் எழுந்துகொள்ளலாம் என்று அதில் காத்திருக்கக் கூடாது. எழுந்து நடமாடினால்தான் மனசு தேறும். 1996-இல் அமெரிக்காவில் உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு, மனச்சோர்வுச் சிகிச்சையில் எண்ணங்களைத் திருத்தும் பகுதியை விட்டுவிட்டு, அன்றாடச் செயல்களைக் கூட்டும் பகுதியை மட்டும் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தது. முழுச் சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கு அவர்களும் தேறினார்கள். "ஏற்காட்டுக்கு வந்து பத்து நாள் படுத்திரு" என்று சித்தி கூப்பிடுவாள், போகாதே. படுத்தால் உடனே ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதிதான் நாளைக்கும் படுக்கச் சொல்லும்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். என்ன செய்தாய், அப்போது மனசு பத்துக்கு எத்தனை என்று 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோட்டில் குறி. நம் வீட்டு ஆண்களுக்கு எழுதச் சொன்னாலே அலுப்பு, தெரியும். ஆனால் ராத்திரி மொத்தமாக எழுதினால், சோர்ந்த மனசு 'நாள் பூரா வீண்' என்றுதான் எழுதும். சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடப் போனபோது 2 என்பது 4 ஆனது அதில் காணாமல் போய்விடும். அடுத்த வாரத் திட்டத்தை அந்த 4-இல் இருந்துதான் எடுக்கணும்.

"தினமும் வாக்கிங் போகணும்" என்பது வெறும் ஆசை. "செவ்வாய், வியாழன், சனி காலை 6.30, மூக்கனேரிக் கரையில் 10 நிமிஷம்" என்று எழுது. செய்துவிடுவேன் என்ற நம்பிக்கை பத்துக்கு 7-க்குக் கீழே என்றால் பாதியாக்கு; ஷூ போட்டு வாசல்வரை போனாலும் கணக்குதான். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, மறுநாள் கால் வலியில் படுத்து, மூன்றாம் நாள் 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று விடுகிறவர்கள்தான் அதிகம். தவறினால் அடுத்த முறை இரட்டிப்பாக்காதே, அதே 10 நிமிஷம். மனசு ஏறாவிட்டாலும் செய்ததற்கு டிக் போடு.

கோபத்துக்கு நோட்டின் பின்பக்கம் நாலு கட்டம்: முன்னால் என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, என்ன நினைத்தாய், கத்தின பிறகு என்ன ஆனது. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதே. நீ கத்தினதும் வீடு அடங்கிவிடுகிறது, கேட்ட கேள்வியை யாரும் மறுபடி கேட்பதில்லை. அந்த லாபத்துக்காகத்தான் கோபம் திரும்பத் திரும்ப வருகிறது. தலையணையைக் குத்தித் தீர்த்துக்கொள் என்பார்கள். குத்தக் குத்த ஏறத்தான் செய்யும்.

தாடை இறுகும்போதே, கோபம் பத்துக்கு 4, 5 இருக்கையிலேயே விலகு. 8 ஆனபின் எந்த யோசனையும் நினைவுக்கு வராது. "20 நிமிஷத்தில் வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போ. வண்டி எடுக்காதே, குடிக்காதே, சண்டையை உள்ளுக்குள் ஓட்டிப் பார்க்காதே. சொன்ன நேரத்துக்கு வந்து பேசணும், இல்லாவிட்டால் அடுத்த முறை மருமகள் உன்னை நம்ப மாட்டாள். இந்த ஏற்பாட்டைச் சண்டையில்லாத ஒரு நாளில் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவை.

மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும். நன்றாகிவிட்டதே என்று நீயாக நிறுத்தாதே. தைராய்டு, ரத்தசோகைக்கு டெஸ்ட் எடுக்கவில்லையென்றால் டாக்டரிடம் கேள். செத்துப்போகலாம் என்று தோன்றினால் நோட்டெல்லாம் அப்புறம்: தனியாக இருக்காதே, அந்த நிமிஷமே எனக்கோ, அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கோ கூப்பிடு. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இல்லையென்றால் ஜி.எச். எமர்ஜென்சிக்குப் போய்விடு.

ஞாயிற்றுக்கிழமை போனில் நோட்டில் உள்ள எண்களை மட்டும் படி. நான் உபதேசம் ஆரம்பித்தால் போனை வைத்துவிடு.

அம்மா
ஏற்காடு