ஆஸ்திரேலிய வர்த்தக வானொலி: ஒரே வரியில் கடந்துவிடக் கூடாத வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான பொது ஒலிபரப்பு பற்றிய கட்டுரையில், ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி இந்நாட்டுக்குச் செய்த தொண்டை விரிவாக எழுதியிருந்தது நிறைவளித்தது. ஆனால் அதே கட்டுரை, இந்நாட்டின் வர்த்தக வானொலி நிலையங்கள் சரக்கு விற்பதற்கென்றே பிறந்தவை என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. சிட்னியில் நெடுங்காலமாக வசிப்பவன், அந்நிலையங்களின் வரலாற்றை ஆர்வத்துடன் படித்து வருபவன் என்ற முறையில் அந்த வரியை மறுத்து எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

1923-ல் ஒலிபரப்பு தொடங்கியபோது இங்கே பொது, வர்த்தகம் என்ற பிரிவே கிடையாது. அவ்வாண்டு நவம்பர் 23 அன்று 2எஸ்பி என்ற நிலையம் சிட்னியில் ஒலிக்கத் தொடங்கியது. ஃபார்மர் என்ற பெரிய கடைக்காரர்கள் நடத்திய 2எஃப்சி அடுத்த மாதமே தொடர்ந்தது. ஏடபிள்யூஏ என்ற வானொலிக் கருவி நிறுவனத்தின் எர்னஸ்ட் ஃபிஸ்க் வற்புறுத்திய திட்டத்தின்படி, நேயர் எந்த நிலையத்துக்குச் சந்தா கட்டினாரோ அந்த நிலையம் மட்டுமே கேட்கும்படி வானொலிப் பெட்டிக்கு முத்திரை வைத்து விற்றார்கள். 2எஃப்சியைக் கேட்க ஆண்டுக்கு மூன்று கினி (63 ஷில்லிங்), 2எஸ்பியைக் கேட்கப் பத்து ஷில்லிங். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் கட்ட வேண்டும். தாமே பெட்டி செய்துகொள்ளத் தெரிந்தவர்கள் முத்திரையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. முதல் ஆறு மாதங்களில் ஏறத்தாழ 1,400 பேர் மட்டுமே உரிமம் எடுத்த நிலையில் திட்டம் படுத்துவிட்டது.

அதன் பிறகு, 1924 ஜூலையில், நிலையங்களை ஏ வகுப்பு, பி வகுப்பு என்று அரசு பிரித்தது. நேயர்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் பங்கு பெறுபவை ஏ வகுப்பு. அதில் ஒரு காசும் கிடைக்காமல், விளம்பரத்தாலோ சொந்தப் பணத்தாலோ தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள வேண்டியவை பி வகுப்பு. 1932 ஜூலை 1 அன்று பிறந்த ஏபிசியின் கைக்கு ஏ வகுப்பு நிலையங்கள் வந்து சேர்ந்தன. பி வகுப்பு நிலையங்களே நாம் இன்று வர்த்தக வானொலி என்று அழைப்பவை. பணம் எங்கிருந்து வரும் என்பதை மட்டுமே இந்தப் பிரிவினை தீர்மானித்தது. யார், எதற்காகப் பேசுவார்கள் என்பதை அது தீர்மானிக்கவில்லை என்பதை, பி வகுப்பு உரிமம் வாங்கியவர்கள் யாரென்று பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

1925 ஜனவரி 26 அன்று தொடங்கி, பிறகு 2யூஈ என்று பெயர் பெற்ற நிலையம், செசில் ஸ்டீவன்சன் என்ற மின்சாதன வியாபாரி மரூப்ராவிலிருந்த தம் வீட்டிலேயே வைத்து நடத்தியது. தானாக வாசிக்கும் பியானோவில் காகிதச் சுருளை மாட்டி அதன் இசையை ஒலிபரப்பினார். இவர் வியாபாரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 2கேஒய், நியூ சவுத் வேல்ஸ் தொழிற்சங்கப் பேரவையின் சொத்து. சிகாகோத் தொழிலாளர்கள் தமக்கென்று நிலையம் அமைப்பதற்கு முன்பே சிட்னித் தொழிலாளர்கள் அமைத்துவிட்டார்கள். 1931-ல் தொடங்கிய 2எஸ்எம் கத்தோலிக்கத் திருச்சபைக்கும், அடுத்த ஆண்டு வந்த 2சிஎச் பிற திருச்சபைகளின் கூட்டமைப்புக்கும் உரியவை.

தமிழ் வாசகர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டியது 1926 ஆகஸ்டில் தொடங்கிய 2ஜிபி நிலையத்தில். இன்று அரசியல் விவாதங்களுக்குப் பேர்போன அந்த நிலையத்தைத் தொடங்கியது, சென்னை அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபை. கொண்ட கொள்கையைக் கைவிட மறுத்து 1600-ல் ரோமில் எரிக்கப்பட்ட ஜியோர்டானோ புரூனோவின் பெயரின் முதலெழுத்துகளே ஜி, பி. அக்காலத்தில் சபையின் ஆஸ்திரேலியப் பொறுப்பை ஏற்று சிட்னியில் இருந்தவர் ஜார்ஜ் அருண்டேல். பின்னாளில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியின் கணவர். சொற்பொழிவுகளும் நல்ல இசையும் தருவதே சபையின் நோக்கமாக இருந்தது. 1929-ல் இந்நிலையத்தில் தொடங்கிய மகிழ்ச்சிக் கழகத்தில், பொருளாதார மந்தத்தால் வேலையும் வருமானமும் போன காலத்தில், வீட்டோடு இருந்த பெண்கள் திரளாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் துணையாக நின்றார்கள், தர்மப் பணிகளும் செய்தார்கள். இதைச் சரக்கு விற்கப் பிறந்த நிலையம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1930-களின் நடுவில் அதன் கட்டுப்பாடு பத்திரிகை முதலாளிகளிடம் போனது உண்மை. அது பிறப்புக்குப் பின் நேர்ந்த மாற்றம்.

இந்நிலையங்களின் பேச்சுக்கு வலிமை இருந்தது என்பதற்கு அரசே சாட்சி சொல்லியிருக்கிறது. போர்க்காலத்தில், 1941 ஜனவரியில், ஜெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ அமைப்போடு தொடர்புடைய நான்கு வர்த்தக நிலையங்களை ஒரே நேரத்தில் மூடினார்கள். நியூகாசிலின் 2எச்டி அவற்றுள் ஒன்று.

நாடகத்தையும் சொல்ல வேண்டும். கால் மணி நேரத் தொடர் நாடகங்களைப் பெரிய இசைத்தட்டுகளில் பதிந்து ஊர் ஊராக அனுப்பியவை பெரும்பாலும் இந்த வர்த்தக நிலையங்களும் அவற்றை நம்பித் தொழில் செய்த தயாரிப்பாளர்களும்தான். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற நடிகர் ஒரே காட்சியில் கிழவன், சிறுவன், அதிகாரி என்று குரலை மாற்றி மாற்றிப் பலராகப் பேசுவார். போர்க்காலத்தில் அமெரிக்கத் தட்டுகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் எழுத்தாளர்களுக்கும் நடிகர்களுக்கும் கை நிறைய வேலை கிடைத்தது. 1956-ல் தொலைக்காட்சி வந்தபின் நாடகம் மங்கியது. 1967-ல் நேயரின் தொலைபேசிக் குரலை நேரலையில் ஒலிபரப்பச் சட்டம் அனுமதித்ததும், பேச்சு நிகழ்ச்சிகள் அந்த இடத்தைப் பிடித்தன. 1980-ல் பண்பலை வர்த்தக நிலையங்கள் மெல்பர்னிலும் சிட்னியிலும் தொடங்கின.

குறைகளை மறைக்க நான் விரும்பவில்லை. 1999-ல் 2யூஈ நிலையத்தின் புகழ்பெற்ற பேச்சாளர்கள், வங்கிகள் உள்ளிட்டோரிடம் பணம் பெற்றுக்கொண்டு அதை நேயர்களிடம் சொல்லாமல் கருத்துரைத்தது அம்பலமாகி, ஒழுங்குமுறை ஆணையம் விசாரணை நடத்தியது. அத்தகைய ஒப்பந்தங்களை நேயர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்ற விதி அதன் பிறகே வந்தது. 1992-ன் ஒலிபரப்புச் சட்டம் நிலையங்களின் உடைமை பற்றிய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும், சிற்றூர் நிலையங்கள் பெருங்குழுமங்களின் கிளைகளாகி, உள்ளூர்ச் செய்தி வாசிப்பவரையே இழந்தன. என் பார்வையில், அன்றைய விளம்பரங்கள் செய்யாத கேட்டை இந்த உடைமை மாற்றம் செய்தது. கட்டுரையாளர் கண்டிக்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாக ஒன்று. போர்க்காலத்தில் ஆங்கிலேயப் படை கொழும்பில் நிறுவிய சிற்றலை நிலையம் 1949-ல் இலங்கை அரசின் கைக்கு வந்து, 1950-ல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் இயக்குநராக இருந்து அதை வளர்த்தவர் கிளிஃபோர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியர். காமன்வெல்த் நாடுகளின் உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் அனுப்பப்பட்டவர். 1952-ல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தமிழ்நாட்டு வீடுகளில் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலும் திரைப்பாட்டும் கேட்டது இந்தச் சேவையில்தான். விளம்பரதாரர் செலவில் நல்ல நிகழ்ச்சி தரும் வழக்கம் டாட்டின் நாட்டில் அப்போதே கால் நூற்றாண்டுப் பழக்கம். அவர் எதைக் கொண்டு வந்தார், எதைக் கொழும்பில் கற்றார் என்பதைத் தமிழில் யாரும் முழுமையாக எழுதி நான் பார்த்ததில்லை. அக்கால வர்த்தக சேவையில் பணியாற்றியவர்களோ அவர்களது குடும்பத்தினரோ தங்கள் வாசகர்களிடையே இருக்கக்கூடும். அவர்களிடமிருந்து நினைவுக் குறிப்புகளை வரவழைத்து, ஒரு தனிக் கட்டுரையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சிட்னி