கீமோ வார்டில் அடிக்கிற அந்த மல்லிகை ஸ்பிரேயை நிறுத்துங்கள்

மதிப்புக்குரிய மருத்துவமனை நிர்வாகத்தாருக்கும், கீமோ டே கேர் வார்டைப் பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும்,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். அன்றைக்கே புகார்ப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். "ஒரு எலுமிச்சம்பழத்துக்கா இவ்வளவு சண்டை?" என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார். அவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அம்மா தன் பையில் கழுவித் துடைத்த ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்து, "மந்திரிச்ச பழமெல்லாம் உள்ள கொண்டு போகக்கூடாதும்மா" என்று எடுத்துவிட்டார். "மந்திரிச்சது இல்ல தம்பி, வாந்திக்கு மோந்து பாக்க வச்சிருக்கேன்" என்று அம்மா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பழம் குப்பைக்கூடைக்குள் போனது. பின்னால் நின்ற அத்தனை பேரும் அம்மாவையே பார்த்தார்கள், அவர் தலையில் கட்டியிருந்த துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே நின்றார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக் கொடுத்ததை அவர் செய்தார். சொல்லிக் கொடுத்தவர்களிடம்தான் கேட்கிறேன்: ஒரு பழத்தை எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கக் கூடாதா?

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் அந்தப் பழத்தைக் கீறிக் கீறி மோந்துகொண்டே வந்தவர், அன்றைக்குத்தான் வழியில் வாந்தி எடுக்காமல் வந்து சேர்ந்திருந்தார். மேலே வார்டுக் கதவைத் திறந்ததும் அட்டெண்டர் அப்போதுதான் ஸ்பிரே அடித்து முடித்திருந்தார். ஊசி போடவில்லை, ட்ரிப்ஸ் ஏற்றவில்லை, நாற்காலியில் கூட உட்காரவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டுகிறவர். முப்பது வருஷமாக அதே வேலை. விடிவதற்கு முன்னால் பறித்த மொட்டு வீட்டுக்கு வரும், வாழை நாரில் கையைப் பார்க்காமலே கட்டிக்கொண்டே எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிடுவார். நான் படித்தது அந்த முழக்கணக்கில்தான். முடி கொட்டியபோது கூட அவர் அழவில்லை. "வளந்துரும், வளந்ததும் முதல்ல பூ வைக்கணும்" என்று சொன்னார். கீமோவில் இரண்டாவது சைக்கிள், அதாவது இரண்டாவது சுற்று, முடிந்து வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக ஒரு பந்து மல்லி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைக் கையில் வாங்கினார், முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், அப்படியே கீழே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார். திரும்பி வந்து, "ஆஸ்பத்திரி வாடை அடிக்குதுடி" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பூ இல்லை. எங்கள் தெருவில் ஐந்து வீட்டில் பூக்கட்டுகிறார்கள், சாயங்காலம் அம்மா ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே படுத்துக்கொள்கிறார். நாளைக்கு நோய் குணமாகி எழுந்து வந்தாலும் எந்தக் கையால் எந்தப் பூவைக் கட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த தொழிலே அது ஒன்றுதான்.

உங்கள் ஸ்பிரே டப்பாவில் மல்லிகைப் படம் போட்டிருக்கிறது. காலை ஒரு தரம், மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், நாற்காலிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே அடிக்கிறார்கள். சிவப்பு மருந்து நரம்பில் இறங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில், மூக்குக்கு இரண்டடி தூரத்தில். வார்டில் பினாயில் நாற்றமும் வாந்தி நாற்றமும் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் செய்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் அது நோயாளியை என்ன செய்கிறது என்று யாராவது ஒருவர் நோயாளியிடம் கேட்டீர்களா?

நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, டாக்டர்களாகிய உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1978-லேயே சியாட்டிலில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்கிற ஆராய்ச்சியாளர், கீமோ எடுக்கும் குழந்தைகளுக்கு மருந்துக்குக் கொஞ்சம் முன்னால் புதுச் சுவையில் ஒரு ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் அதே ஐஸ்கிரீமை நீட்டியபோது பல குழந்தைகள் வேண்டாம் என்றார்கள். மருந்தோடு சேர்ந்து வந்தது எதுவோ, அதைப் பார்த்து உடம்பு பயந்துகொள்கிறது. மணத்துக்கும் இது நடக்கும், மூக்கு வாங்குவது உணர்ச்சியும் பழைய ஞாபகமும் இருக்கிற மூளைப்பகுதிக்குக் கிட்டத்தட்ட நேராகவே போய்விடுகிறது. சிவப்பு மருந்தான டாக்சோரூபிசினும் அதோடு சேர்த்துக் கொடுக்கிற சைக்ளோபாஸ்பமைடும் ஏற்றும் முன்னால் நீங்கள் போடுகிற ஒன்டான்செட்ரானும் டெக்சாமெத்தசோனும் மருந்தால் வரும் வாந்தியை நன்றாகவே அடக்குகின்றன, அதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் வார்டு வாசலிலேயே வருகிற வாந்தி மருந்தால் வந்தது இல்லை, உடம்பு பழகிக்கொண்டது. அதற்கு அந்த ஊசி அவ்வளவாகக் கேட்பதில்லை.

நாலு சைக்கிளோடு சிவப்பு மருந்து முடிந்தது. இனி பக்லிடாக்சல் என்கிற வேறொரு கீமோ மருந்து, வாரா வாரம், 12 தடவை. "இதுக்கு அவ்வளவு வாந்தி வராதும்மா" என்று டாக்டர் தைரியம் சொன்னார். மருந்துக்கு வராமல் இருக்கலாம். வார்டுக்கு வருமே, ஐயா.

அதனால் கேட்பது இரண்டே விஷயம். கீமோ வார்டில் எந்த வாசனை ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். ஒவ்வொரு நோயாளியும் தனக்குப் பிடித்த ஒரு மணத்தைத் தன் மூக்குக்கு மட்டும் எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ள விடுங்கள், அது எலுமிச்சையோ, பஞ்சில் ஒரே ஒரு சொட்டு லாவெண்டர் எண்ணெயோ, புதினாவோ.

இது கைவைத்தியம், இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நானும் தேடிப் படித்தேன். 2016-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் குழு, புற்றுநோயாளிகளுக்கு நறுமண எண்ணெயோடும் அது இல்லாமலும் செய்கிற மசாஜைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஆய்வுகளின் தரம் போதாது, உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றுதான் எழுதியது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் 2023-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோவும் ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவத்துக்கான சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், சிகிச்சை நடக்கிற காலத்தில் வருகிற பதற்றத்துக்கு யோகா, இசை, தளர்வுப் பயிற்சி இவற்றோடு முகர்ந்து பார்க்கும் நறுமணச் சிகிச்சையையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். பதற்றத்துக்குத்தான், புற்றுநோய்க்கு இல்லை. நானும் அதற்கு மேல் ஒரு அடி போகவில்லை. அம்மாவுடைய கட்டியை எலுமிச்சை கரைக்கும் என்று நினைக்கிற முட்டாள் இல்லை நான். அப்படிச் சொல்லி வாட்ஸ்அப்பில் எண்ணெய் விற்கிறவர்கள் மேல் உங்களைவிட எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர் ஒருவரே கீமோவை நிறுத்திவிட்டு ஒரு பாட்டில் வாங்கச் சொன்னார். அவரை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் இந்த வார்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்த நம்பிக்கைக்காகவாவது எங்களை மந்திரக்காரர்கள் மாதிரி வாசலில் நிறுத்தாதீர்கள்.

வார்டில் பூ கூடாது என்று போர்டு வைத்திருக்கிறீர்கள். அது சரியான விதி. வெள்ளை அணு குறைந்திருக்கும்போது பூவிலும் பூச்சாடித் தண்ணீரிலும் இருக்கிற கிருமியும் பூஞ்சையும் ஆபத்து என்று சிஸ்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார், உடனே புரிந்துகொண்டோம். அதே மாதிரி ஆஸ்துமா இருப்பவர் பக்கத்தில் எண்ணெய் வேண்டாம், தோலில் தடவக்கூடாது, குடிக்கவே கூடாது, அறை முழுக்க மணக்கிற மாதிரி எதுவும் ஏற்றக்கூடாது என்று விதி போடுங்கள், கேட்கிறோம். காரணம் சொன்னால் கேட்கிறவர்கள்தான் நாங்கள். கழுவின பழத்தின் தோலை நகத்தால் கீறி மோந்தால் யாருக்கு என்ன ஆகும்? உங்கள் கேன்டீனில் அதே பழத்தைப் பிழிந்து ஜூஸ் விற்கிறார்கள்.

கொடைக்கானல் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது எங்கள் ஊர்க்காரர்கள் கையில் எலுமிச்சை இல்லாமல் ஏற மாட்டார்கள். அம்மாவுக்கு அந்த ஞாபகத்தில்தான் இந்த யோசனையே வந்தது. தன் உடம்பில் நடக்கிற எதுவுமே தன் கையில் இல்லை என்று ஆகிப்போன ஒரு மனுஷி, இது ஒன்றையாவது நானே செய்துகொள்கிறேன் என்று ஒரு பழத்தைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டார். அதைத்தான் பிடுங்கினீர்கள்.

எழுத உட்கார்ந்தால் எல்லாம் வருகிறது. காலை 7 மணிக்கு டோக்கன் வாங்கி 11 மணி வரைக்கும் மருந்து கலந்து வராமல் வெறும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது, சாய முடியாத அந்த நாற்காலிகள், நோயாளி தலைக்கு மேலேயே முழுச் சத்தத்தில் ஓடுகிற டிவி, வாந்தி எடுத்தால் ஓடிப்போய்ப் பிடிக்கத் துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்வது. சிஸ்டர்கள் இரண்டு பேர் இருபது பேரைப் பார்க்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. வரவேற்பறைக்கு போன மாதம் புதுக் கண்ணாடி போட்டீர்கள், நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

இதெல்லாம் இன்னொரு நாள் பேசலாம். பணம் செலவாகும், ஆள் வேண்டும், தெரியும். நான் கேட்கிற இரண்டுக்கும் ஒரு பைசா செலவு இல்லை. ஸ்பிரே வாங்குகிற காசு மிச்சம்தான். நாற்றம் போக ஜன்னலைத் திறந்துவிட்டு, வாந்தி எடுத்த பாத்திரத்தை உடனே எடுத்துவிட்டாலே பாதி போய்விடும்.

தயவுசெய்து ஸ்பிரேயை நிறுத்துங்கள். தயவுசெய்து அவரவர் மணத்தை அவரவர் வைத்துக்கொள்ள விடுங்கள். கோபத்தில் ஏதாவது கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். அம்மாவை இதுவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது உங்கள் டாக்டர்களும் சிஸ்டர்களும்தான், அதை நாங்கள் மறக்க மாட்டோம்.

அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் அம்மாவுக்கு முதல் பக்லிடாக்சல். பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். வாசலில் நிற்கிற தம்பியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஜன்னலோர நாற்காலி கேட்டு வாங்குகிற அந்த அம்மாவின் மகள்