நாக்கின் ஓரத்தையும் பாருங்கள், டாக்டர்

மதிப்பிற்குரிய பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். வாயில் வரும் வெண்படலம், செம்படலம், வாயைத் திறக்க விடாமல் இறுக்கும் நார்த்திசு நோய் எல்லாம் பின்னாளில் புற்றாக மாறலாம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். பல்லுக்காக வாயைத் திறக்கச் சொல்லும்போது, வாய் முழுவதையும் பாருங்கள்.

என் அக்காவுக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. வலி இல்லை, சுரண்டினாலும் போகவில்லை. காட்டிய இடத்தில் கேட்ட முதல் கேள்வி, "புகையிலை, பாக்கு பழக்கம் உண்டா?" இல்லை என்றதும் கவலை அங்கேயே முடிந்தது. பல் உரசுகிறது, சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதினார்கள். பழக்கம் எதுவும் இல்லாதவருக்கு வரும் வெண்படலத்தைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும் என்பது நீங்கள் படித்த பாடம்தானே?

திட்டு புண்ணாகிப் புற்றுநோய் மருத்துவரிடம் போனோம். முதலில் எவ்வளவு பெரிதாக இருந்தது, நிறம் மாறியதா என்று அவர் கேட்டார். பழைய சீட்டுகளை எல்லாம் மேசைமேல் பரப்பினோம். மாத்திரையின் பெயர் இருந்தது, ஜெல்லின் பெயர் இருந்தது, பல் சுத்தம் செய்த குறிப்புகூட இருந்தது. திட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அக்கா சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, "இவ்வளவுதான் இருந்தது" என்றாள். எங்களிடம் இருந்த ஒரே மருத்துவ ஆவணம் அந்த நகம்தான். நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது போன் வந்தால் பேசாமல் எங்களிடம் நீட்டிவிடுகிறாள்.

எல்லா வெண்படலமும் புற்றாவதில்லை, பெரும்பாலானவை ஆவதே இல்லை. சரி. ஆனால் எது ஆகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதே, அதற்குத்தானே திட்டில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி? செம்படலம் என்றால் இன்னும் மோசம், சோதிக்கும்போதே பலவற்றில் புற்று தொடங்கியிருக்கும். உரசும் பல்லைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாததைச் சோதித்துப் பாருங்கள், இல்லையென்றால் சோதிக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நேரமில்லை என்பீர்கள். திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால்தான் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் முடிவு வந்தது. அவர்களால் முடிந்தது, விளக்கும் கண்ணாடியும் கையில் இருக்கும் உங்களால் முடியாதா?

பல்லை வெண்மையாக்க எத்தனை விளம்பரப் பலகைகள்! வெள்ளையாக இருக்கும் திட்டைப் பார்க்கத்தான் ஆளில்லை. புகையிலைப் பொட்டலத்தில் அச்சிடுபவர்களும் அப்படித்தான், முற்றிய புற்றின் படத்தைப் போடுகிறார்கள். வலிக்காத சின்னத் திட்டு உள்ளவர் அதைப் பார்த்து, "நமக்கு இது இல்லை" என்று நிம்மதியாகப் போய்விடுகிறார். சின்னத் திட்டின் படத்தையும் போட்டால் என்ன?

மன்னிக்கவும், கோபம் எங்கோ போகிறது. படம் போடுவது உங்கள் வேலையில்லை. உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: நாக்கை வெளியே நீட்டச் சொல்லி இரு ஓரங்களையும், நாக்கின் அடியையும், கன்னத்தின் உட்புறத்தையும் பாருங்கள். திட்டு இருந்தால் இடம், அளவு, நிறம் மூன்றையும் சீட்டில் எழுதி, மறுபடி வரவேண்டிய தேதியையும் தயவுசெய்து குறித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி